கூரைக்காரரின் சகலை

அந்தப் பெரிய விளையாட்டரங்கத்துக்கு முதல்முறையாக வருகிறவர்கள் வாசலைத் தாண்டியதும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். கழுத்து வலிக்கும்வரை பார்ப்பார்கள். இருக்கைகளுக்கு மேலே நாலு பக்கமும் கவிந்திருக்கும் கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். விளக்கு, ஸ்கோர் பலகை, லிஃப்ட், தண்ணீர் மோட்டார், கேன்டீன் குளிர்பெட்டி எல்லாம் அந்தக் கூரை போடும் சோற்றைத் தின்றுதான் ஓடுகின்றன. வருகிறவர்கள் கூரையைப் படம் எடுப்பார்கள், கூரையோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். கீழே என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. கீழே புல் இருக்கிறது. புல்லை மாட்டைத் தவிர யார் பார்க்கப்போகிறார்கள்?

இந்தக் கேள்வியைப் புல்லுக்காரர் தினமும் தனக்குள் கேட்டுக்கொள்வார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் அது உயிரோடு இருக்கிறது. வாசல் காவலாளி முதல் மேலாளர் அம்மா வரை எல்லோருக்கும் அவர் புல்லுக்காரர். கேன்டீன்காரி மட்டும், அவருடைய ஒல்லி உடம்பைப் பார்த்து, புல்தடுக்கிப் பயில்வான் என்பாள். அதற்கு அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருடைய கோபமெல்லாம் வேறொரு இடத்துக்கென்று சேர்த்து வைத்திருந்தது.

இளவயதில் ஒரு பூங்காவில் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர். பிறகு பழைய மைதானத்துக்கு வந்தார். அந்த மைதானத்தை இடித்துவிட்டுப் புது அரங்கம் கட்டியபோது பழைய ஆட்களில் அவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "இடிச்சதுல மிச்சம் நானும் ரோலரும்தான்" என்று பெருமையாகச் சொல்லுவார். புது அரங்கம் எல்லா விளையாட்டுக்கும் பொது. இன்றைக்குக் கால்பந்து, நாளைக்கு ஓட்டப்பந்தயம், அதற்கடுத்து ஈட்டி எறிதல், நடுவில் ஒரு பாட்டுக் கச்சேரி. ஈட்டி குத்திய இடமெல்லாம் ஓட்டை. கச்சேரிக்குப் பலகை பரப்பினால் அடியில் கிடந்த புல் வெளிறிப்போய்க் கிடக்கும். ஓட்டையில் மண் போட்டு, விதை போட்டு, சீப்பு வைத்து வாருவதுபோல் வாரிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குள் அதை எழுப்பி நிற்க வைப்பது அவர் வேலை. நன்றாகச் செய்தால், எதுவும் நடக்காததுபோல் இருக்கும். எதுவும் நடக்காததை யார் பாராட்டுவார்கள்?

கூரைக்கு ஒருவன் இருந்தான். அவன் புல்லுக்காரருக்குச் சகலை. அதாவது அவர் அக்காளைக் கட்டியவர், அவன் தங்கையைக் கட்டியவன். அரங்கத்தில் மற்றவர்கள் அவனைக் கூரைக்காரர் என்று மரியாதையாகத்தான் சொல்லுவார்கள். புல்லுக்காரர் மனதில் அவன் எப்போதும் "அவன்"தான். இது அவருடைய கதை என்பதால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அவன் முன்பு ஒரு சந்தில் மிக்ஸியும் மின்விசிறியும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். கடை படுத்துவிட்டது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, மேலாளர் அம்மாவிடம் பேசி, "கரண்ட் வேலை நல்லா தெரியும்மா, கை சுத்தம்" என்று சொல்லி உதவியாளாகச் சேர்த்துவிட்டது யார்? புல்லுக்காரர்தான். வந்தவன் பயிற்சிக்குப் போனான், பரீட்சை எழுதினான், இன்றைக்கு முழுக் கூரையும் அவன் பொறுப்பு, கட்டுப்பாட்டு அறையின் சாவி அவன் இடுப்பில். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, குத்துகிறது குடைகிறது என்று அழுவானேன் என்பார்கள். புல்லுக்காரர் அழவில்லை. வயிறுதான் எரிந்தது.

எரிகிறதில் எண்ணெய் ஊற்ற மாமியார் இருந்தாள். அவளுக்கு இரண்டு மாப்பிள்ளைகள், ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. செய்தித்தாளில் ஒருநாள் அவன் படம் வந்தது. தகடுகளுக்கு நடுவில் மஞ்சள் தொப்பியோடு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சூரியனையே அவன்தான் கழுவித் துடைத்து மேலே மாட்டிவிட்டவன் மாதிரி நின்றான். மாமியார் அதைக் கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள். அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கப் போனால்கூட அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும். புது காவலாளி ஒருவன் வேலைக்கு வந்த அன்று, பழையவன் புல்லுக்காரரைக் காட்டி, "இவரு நம்ம கூரைக்காரரோட சகலை" என்று அறிமுகம் செய்தான். புல்லுக்காரர் அன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டாலும் விட முடியாத ஒன்று இருந்தது. அந்தக் கூரை அவருடைய வெயிலைத் தின்றது. தெற்குப் பக்கத்துக் கூரையின் நிழல் காலையில் விழுந்தால் மாலைவரை மைதானத்தின் தெற்கு மூலையை விட்டு நகராது. கோல் கம்பத்துக்கும் கொடிக்கும் இடையில் ஒரு பெரிய துண்டு. அங்கே புல் முதலில் மெலிந்தது, பிறகு மஞ்சளானது, பிறகு ஒரு காலைக் கொடுத்துத் திருகினால் காலோடு வந்தது. வெயிலை மேலே அவன் பிடித்து வைத்துக்கொள்ள, கீழே இவர் புல் பட்டினி கிடந்தது.

மருந்து இல்லாமல் இல்லை. அரங்கம் கட்டியபோதே புல்லுக்கென்று சக்கரம் வைத்த விளக்குச் சட்டங்கள் வாங்கி வைத்திருந்தார்கள். நிழலில் தள்ளி நிறுத்தி எரியவிட்டால் புல் அதை வெயில் என்று நம்பிக்கொண்டு வளரும். அதற்கு வேண்டிய மின்சாரம் கூரையிலிருந்து வரும். கூரையிலிருந்து வரவேண்டுமென்றால் கட்டுப்பாட்டு அறையில் கேட்க வேண்டும். எல்லோரும் கேட்டார்கள். கேன்டீன்காரி வாக்கி-டாக்கியில், "அண்ணே, ஃப்ரீசர் போடணும், கொஞ்சம் விடுங்க" என்பாள். அவன், "விட்டாச்சும்மா" என்பான். அவ்வளவுதான் சமாச்சாரம். புல்லுக்காரர் மட்டும் கேட்கவில்லை. தன் சொந்த வெயிலை அவனிடம் போய்க் கையேந்தி வாங்குவதா? விளக்குச் சட்டங்கள் கிடங்கில் தூசி படிந்து நின்றன.

கேட்காதது மட்டுமல்ல, அவன் பேசுவதைக் காதில் வாங்கவும் அவர் தயாராக இல்லை. வாக்கி-டாக்கியில் அவன் குரல் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவார். முடிந்திருக்கும் என்று தோன்றும்போது கூட்டுவார். இது அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம். ஒரு பெரிய வாயை விரல் நுனியால் மூடுகிற சந்தோஷம்.

ஒருநாள் மேலாளர் அம்மா தெற்கு மூலைக்கு வந்து நின்றாள். செருப்பு முனையால் புல்லைத் தள்ளினாள். அது ஒரு கொத்தாக எழுந்து படுத்தது.

"அடுத்த மாசம் கால்பந்து சங்கத்துல இருந்து பாக்க வர்றாங்க. இந்த மூலை இப்படியே இருந்தா கிரவுண்டு தேறாது. தேறலன்னா முழுசுக்கும் பிளாஸ்டிக் புல்லுதான். மேல முடிவு பண்ணியாச்சு."

"அப்ப நான்?"

"சீட் துடைக்கற பிரிவுல ஆள் கேட்டிருக்காங்க. உங்கள விட மாட்டோம், பயப்படாதீங்க."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். புல்லுக்காரருக்கோ இருக்கைகளில் ஒட்டிய சூயிங்கத்தைச் சுரண்டிக்கொண்டு, நிமிர்ந்தால் கூரை, குனிந்தால் பிளாஸ்டிக் என்று கிழவனாகும் தன் காலம் முழுக்கக் கண்முன் வந்துவிட்டது.

வீட்டில் மனைவி கேட்டுவிட்டு ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள். "தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட லைட்டு கேளுங்க."

"அவன்கிட்டயா?"

"ஏன், வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

அவர் வாயைத் திறக்கவில்லை. புத்தி வேறு பக்கம் ஓடியது. டிவியில் காட்டும் ஆட்டங்களுக்கு முன்னால் புல்லுக்குப் பச்சைச் சாயம் அடிப்பது உண்டு. தெளிப்பானில் ஊற்றி மெல்லியதாக அடித்தால், உள்ளே செத்துக் கிடந்தாலும் மேலே பசுமை. சங்கத்து ஆட்கள் வருவதற்குள் வேருக்கு உரம் வைத்து எப்படியாவது பிழைக்க வைத்துவிடலாம், அதுவரை மேலாளர் அம்மா கண்ணுக்குச் சாயம் போதும் என்று கணக்குப் போட்டார். ஒரு மாலை எல்லோரும் போனபின் தெற்கு மூலை முழுக்க அடித்து முடித்தார். கொஞ்சம் தாராளமாகவே அடித்தார். காய ஒரு நாள் வேண்டும். மறுநாள் அந்தப் பக்கம் யாருக்கும் வேலையில்லை என்று விசாரித்து வைத்திருந்தார்.

கூரையிடம் மட்டும் விசாரிக்கவில்லை.

கூரைத் தகடுகளில் தூசி படிந்தால் மின்சாரம் குறையும். அதனால் அவ்வப்போது கழுவுவார்கள். கழுவிய தண்ணீரை வீணாக்காமல், பாவம், அந்த நிழல் மூலைப் புல்லாவது குடிக்கட்டும் என்று தெற்கு மூலைக்கே குழாய் வைத்துத் திருப்பியிருந்தார்கள். கழுவப்போகும் நாளை அவன் முந்தின நாளே வாக்கி-டாக்கியில் இரண்டு தடவை அறிவிப்பான். அன்றும் அறிவித்தான். காவலாளி கேட்டான், கேன்டீன்காரி கேட்டாள், ஓட்டப் பயிற்சியாளர் கேட்டார். புல்லுக்காரர் இரண்டு தடவையும் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

காலையில் அவர் வந்து சேர்ந்தபோது குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. தெற்கு மூலையிலிருந்து பச்சை வெள்ளம் புறப்பட்டு, வெள்ளைக் கோட்டைத் தாண்டி, செங்கல் நிற ஓடுபாதையில் இறங்கி நடந்துகொண்டிருந்தது. காலைப் பயிற்சிக்கு வந்த ஓட்டக்காரிகள் அதில் ஓடிப்போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். வெள்ளைக் காலணிகள் எல்லாம் பச்சை, காலுறை பச்சை, ஒருத்திக்கு முழங்கால்வரை பச்சை. கேன்டீன்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பயில்வானே, புல்லுக்கு மருதாணி வச்சீங்களா?" மூலையில் புல் தன் பழைய மஞ்சளோடு, குளித்து முடித்த முகத்தோடு கிடந்தது.

மேலே கூரை விளிம்பில் மஞ்சள் தொப்பி தெரிந்தது. அவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்தானா இல்லையா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. சிரித்தான் என்றே புல்லுக்காரர் வைத்துக்கொண்டார்.

மேலாளர் அம்மா திட்டவில்லை. "ஏங்க, கேட்டா லைட்டு கிடைக்குமே, என்னதான் உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் அவரிடம் இருந்தது. ஆனால் ஒரு பெரிய மனிதர் வாயால் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. ஓடுபாதையைத் தேய்த்துக் கழுவி முடிக்க அவருக்கு மதியம் ஆகிவிட்டது. முதுகு நிமிர்ந்தபோது மூலையைப் பார்த்தார். பிள்ளை சாகக் கிடந்து, மருந்து எதிரி கையில் இருந்தால், எதிரி காலிலும் விழலாம் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்தால்தான் கால் நடந்தது.

கட்டுப்பாட்டு அறை இருக்கைகளுக்கு அடியில் இருந்தது. அங்கே அவர் அதுவரை போனதில்லை. குறுகலான அறை, இரும்புப் பெட்டிகள், உறுமல், ஒரு மேசை, ஒரு நாற்காலி. அவன் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான். அவர் உட்காரவில்லை.

"விளக்கு வேணும்."

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தான்.

"தெற்கு மூலைக்கு. நான் கேக்கறேன். வெளிச்சம் குடு."

அவன் ஒரு விசையைத் தள்ளினான். ஏதோ ஒரு திரையில் ஏதோ ஓர் எண் மாறியது. "போட்டாச்சு. சட்டத்தத் தள்ளிட்டுப் போய் சொருகினா எரியும்" என்றான். பிறகு, அவர் திரும்பிப் போகும்போது, "இதுக்குத்தான் காத்திருந்தேன் சகல" என்றான்.

"எதுக்கு?"

"நீங்க எங்கிட்ட ஒண்ணு கேக்கறதுக்கு. மேல ஏறினா உங்க மூலைதான் முதல்ல கண்ணுல படும். மஞ்சளாகறதத் தினம் பாத்தேன். விசை என் கையிலதான் இருந்துச்சு. போடல."

"புல்லு சாகறத வேடிக்கையா பாத்த?"

"ஆமா."

"ஏண்டா?" 'டா' தானாக வந்துவிட்டது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

"எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் நான் தட்டுல கை வைக்கறதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சிடுவீங்க. 'இவனுக்கு நான்தான் வேலை வாங்கிக் குடுத்தேன்.' புதுசா ஒருத்தர் வந்தாப் போதும், முதல்ல இருந்து சொல்லுவீங்க. கடை படுத்தது, நான் வீட்டுல உக்காந்திருந்தது, எல்லாம். என் பொண்ணு ஒருநாள் கேக்கறா. 'அப்பா, பெரியப்பா சொல்லலன்னா நமக்குச் சோறே இருந்திருக்காதா?'ன்னு. அதுக்கு நான் என்ன சொல்ல?"

அந்த வாக்கியத்தை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் இனித்தது. யார் காதில் எப்படி விழுகிறது என்று ஒருதடவைகூட நினைத்ததில்லை.

"இந்த ரூமுக்கு ஜன்னல் இருக்கா பாருங்க" என்றான் அவன். "மேட்ச் அன்னைக்கெல்லாம் இங்கயே கிடக்கணும். கத்தல் மட்டும் கேக்கும். யாரு அடிச்சா, யாரு தோத்தா, எதுவும் தெரியாது. நீங்க கோட்டுப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பீங்க. விளையாட வர்றவன் உங்க தோளத் தட்டிட்டுப் போவான். அப்புறமா டிவில பாப்பேன், வயிறு எரியும்."

"நான் எங்கடா டிவில வந்தேன்?"

"எல்லா மேட்ச்லயும் வர்றீங்க. ஓரத்துல. நீலக் குல்லாவோட."

கோபப்பட வேண்டிய இடம் இது. புல்லைச் சாகவிட்டவன் முன்னால் நிற்கிறான். வெட்கப்பட வேண்டிய இடமும் இதுதான், ஏனென்றால் அந்தப் பெண்குழந்தை கேட்ட கேள்வி அவர் செய்த வேலை. இரண்டும் அவருக்கு வந்தன, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவற்றுக்கெல்லாம் முந்திக்கொண்டு வந்தது வேறு. நம்மைப் பார்த்தும் ஒருவனுக்கு வயிறு எரிகிறதா! அதுவும் இவனுக்கா! பல வருஷமாகக் காந்திக்கொண்டிருந்த வயிற்றில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது.

"குல்லா நல்லா தெரியுதா?" என்று கேட்டார்.

"நல்லாவே தெரியுது" என்றான் அவன், கடுப்போடு.

விளக்குகள் எரிந்தன. தெற்கு மூலைப் புல் முதலில் நம்பவில்லை, பிறகு நம்பியது. சங்கத்து ஆள் வந்தார். குதிகாலால் ஊன்றித் திருகினார், ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார், அது வரவில்லை. "தாங்கும்" என்றார். பிளாஸ்டிக் பேச்சு நின்றுபோனது. மறுநாள் செய்தித்தாளில் கூரையே புல்லையும் வளர்த்த அதிசயம் என்று பாதிப் பக்கத்துக்கு வந்தது. மாமியார் அதையும் கத்தரித்தாள். புல்லுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். அவருடைய புல், அவருடைய வேலை, அவரிடமே இருந்தது.

கொஞ்ச நாளில் மாமியார் வீட்டில் ஒரு விருந்து. மைத்துனனுக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. அவனுடைய மாமனார் முதல்முறையாக வீட்டுக்கு வந்திருந்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்தப் பெரியவர் குளிர்பெட்டிக் கதவைப் பார்த்துவிட்டு, "அவ்வளவு பெரிய வேலை சின்ன மாப்பிள்ளைக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டார்.

வீடே புல்லுக்காரர் பக்கம் திரும்பியது. மனைவி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். மிதித்திருக்க வேண்டியதில்லை. எதிரில் சகலையின் மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது, எவ்வளவு பழகிய வாக்கியம். அவர் அதை ஒரு கவளத்தோடு சேர்த்து விழுங்கினார். தொண்டையில் சிக்கி, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"அவனுக்கு வேலை தெரியும். குடுத்தாங்க" என்றார்.

சகலை தலை நிமிர்ந்தான். அவரைப் பார்த்தான். பிறகு அந்தப் பெரியவரிடம் திரும்பி, "இல்லைங்க. என் கடை படுத்துப்போய் நான் வீட்டுல உக்காந்திருந்தேன். எங்க சகலதான் பேசி வாங்கிக் குடுத்தாரு. அவரு இல்லன்னா எங்களுக்குச் சோறே இல்ல" என்று, நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். பிள்ளை அப்பாவையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.

"பாத்தீங்களா சம்பந்தி?" மாமியாருக்குக் குரல் தழுதழுத்தது. "எம்மாம் பெரிய மனசு! யாரு சொல்லுவா இப்படி? எங்க சின்ன மாப்பிள்ளை தங்கம்."

புல்லுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் சொந்தமென்று இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதையும் அவன் எடுத்துக்கொண்டுவிட்டான். எடுத்ததோடு விட்டானா, அவரைவிட நன்றாகச் சொல்லியும் தொலைத்தான். அடங்கியிருந்த வயிறு குபுகுபுவென்று பழையபடி பற்றிக்கொண்டது.

"தண்ணி" என்றார். சகலைதான் எட்டி எடுத்துக் கொடுத்தான். வாங்கி, மடமடவென்று குடித்தார்.